ஒட்டிக்கொண்டு வந்த பிரவுசர்

"யாரைக் கேட்டு இதை உள்ளே ஏத்தின?"

மூக்குக் கண்ணாடிக் கடையின் மேனேஜரம்மா, முன்மேஜைக் கம்ப்யூட்டரை விரலால் தட்டினார். திரையின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு புது பிரவுசர். நேற்றுவரை அது அங்கே இல்லை.

பில் போடும் பெண் பதறி எழுந்தாள். "நான் ஏத்தலை மேடம். டாக்டர் சீட்டையெல்லாம் ஒரே ஃபைலா சேர்க்கறதுக்கு இலவசமா ஒரு சாஃப்ட்வேர் எடுத்தேன். அவ்வளவுதான்."

"ஓஹோ! இது தானா நடந்து வந்துச்சாக்கும்?"

மேனேஜரம்மா அதைத் திறந்தார். 'அடிக்கடி பார்த்தவை' என்று வரிசையாக ஐந்து வேலைவாய்ப்புத் தளங்கள். கீழே, தேடிய சொற்கள்: 'மேனேஜர் வேலை', 'கண்ணாடிக் கடை மேனேஜர், அனுபவம் உள்ளவர்'. அவருக்குச் சுருக்கென்றது.

"வந்து நாலு மாசம் ஆகலை. அதுக்குள்ள மேனேஜர் நாற்காலி கேக்குதோ?"

"சத்தியமா நான் அதைத் தொட்டதே இல்லை மேடம்."

மேனேஜரம்மா விடுவதாக இல்லை. கையோடு பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் பத்து நிமிடம் குடைந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொண்ணு சொல்றது நிஜம்தான். இலவச சாஃப்ட்வேர் போடறப்ப அடியில பொடி எழுத்துல ஒரு டிக் இருக்கும். அதை எடுக்காம 'சரி, சரி'ன்னு அமுக்கினா இதுவும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துடும். பழைய பிரவுசர்ல இருக்கற பாஸ்வேர்டு, தேடினது எல்லாத்தையும் கேக்காமலே அள்ளிக்கும். எங்கே கொண்டுபோய்க் கொட்டும்னு நமக்குத் தெரியாது. முதல்ல எல்லா பாஸ்வேர்டையும் மாத்துங்க."

அந்த எச்சரிக்கை மேனேஜரம்மாவின் காதில் ஏறவே இல்லை. "அப்போ இதையெல்லாம் பழைய பிரவுசர்ல யாரோ தேடியிருக்காங்க?"

"தேடாம எப்படி வரும்?"

மேனேஜரம்மா பெண்ணின் பக்கம் திரும்பினார். "காலையிலேர்ந்து கடை சாத்தற வரைக்கும் இங்கே உக்கார்றது யாரு?"

"சாப்பிடப் போற அரை மணி நேரம் தவிர, நான்தான் மேடம்."

"போதும். நீயே ஒத்துக்கிட்ட."

உள் அறையில் முதலாளி லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேனேஜரம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தேடிய சொற்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடலாம் சார். இப்பவே வேற இடம் பாக்கறவ, நாளைக்கு நம்ம கஸ்டமர் லிஸ்டையும் தூக்கிட்டுப் போவா."

முதலாளி மெஷினை நிறுத்தினார். "இந்த ஒரு வருஷத்துல இந்தப் பொண்ணு எத்தனையாவது ஆளு?"

"நாலாவது சார். முன்னாடி இருந்த மூணு பேரையும் நான்தான் மோப்பம் பிடிச்சு வெளியே அனுப்பினேன்." மேனேஜரம்மாவின் குரலில் பெருமை வழிந்தது.

முதலாளி கையிலிருந்த லென்ஸை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு வேலை தேடலைம்மா. நான்தான் மேனேஜர் தேடிக்கிட்டிருக்கேன்."