சாட்சி பின்வாங்கினாள்

“நான் சாட்சி சொல்ல வரல, வக்கீலம்மா.”

ஜகரானி நின்றபடியே சொன்னாள். இந்துகலா பேனாவை மூடி வைத்தாள்.

நாளைக் காலை விசாரணை. காணாமல் ஆக்கப்பட்ட பன்னிரண்டு பேருக்காகப் பத்தொன்பது வருஷம் மனு மேல் மனு. நேபாளத்தின் மேற்குக் கோடியிலிருக்கும் பர்தியாவுக்கும் தலைநகர் காத்மாண்டுவுக்கும் நடையாய் நடந்து, மூன்று கமிஷன் மாறி, இப்போதுதான் ஒரு தேதி கிடைத்திருந்தது.

“விளையாடறியா? சண்டைக் காலத்துல உன் புருஷனை வயல்லேர்ந்து இழுத்துட்டுப் போனது சிப்பாய் தில்மான்தான்னு நீதானே சொன்னே? நேர்ல பாத்தவ நீ ஒருத்திதான்.”

“சொன்னேன். இப்ப ஞாபகமில்ல.”

குமாஸ்தா டீக்காராம் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

“எப்படி மேடம் ஞாபகம் இருக்கும்? போன மாசம் அந்த தில்மான் வீட்டு வாசல்ல உக்காந்து டீ குடிச்சதை ஊரே பாத்துச்சே. என்ன கொடுத்தானோ!”

ஜகரானி அவன் பக்கம் திரும்பவேயில்லை.

இந்துகலாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

“உன்னை நம்பித்தானே புதனியும் சேர்த்து மத்த பதினோரு வீட்டுப் பொம்பளைங்களும் காத்துக்கிட்டிருக்காங்க? அவங்களைக் கொஞ்சமாவது நினைச்சுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

இனிப் பேசிப் பயனில்லை. சாட்சி விலகுவதாக எழுதி, மைப்பெட்டியை நகர்த்தினாள். ஜகரானி கட்டைவிரலை நீட்டினாள்.

மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. ‘அவரு செத்துட்டாருன்னு யாரு சொன்னா?’ என்று இத்தனை வருஷமாகக் கழற்ற மறுத்த சிவப்பு வளையல்களைக் காணோம்.

இந்துகலா நிமிர்ந்தாள். “வளையல் எங்கே, ஜகரானி?”

“கழட்டிட்டேன். தில்மான் இடத்தைக் காட்டினான். ஆத்தோரத்துல, நாணல் புதருக்குள்ள. நானும் மகனும் தோண்டி எடுத்து, எரிச்சு, கரைச்சுட்டோம்.”

டீக்காராம் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஐயோ, அது ஆதாரமாச்சே!”

“உங்களுக்கு ஆதாரம், வக்கீலம்மா. எனக்கு அவரு.”

ஜகரானி விரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினாள்.

“நாளைக்கு நான் பேரைச் சொன்னா அவன் வாயை மூடிக்குவான். மத்த பதினோரு பேரும் எங்க கிடக்காங்கன்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை, புதனியோட வீட்டுக்காரரைக் காட்டறேன்னு சொல்லியிருக்கான்.”