கதவுக்கு இந்தப் பக்கம்

கக்கூஸ் கதவில் காதை வைக்காத குறையாக நின்றிருந்தாள்.

உள்ளே அவள் புருஷன்.

ஒரு சத்தமும் இல்லை.

காலையில்தான் மூத்திர டியூபை உருவிவிட்டார்கள். டாக்டர் சாயங்காலம் வருவதற்குள் தானாக ஒன்றுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் மறுபடியும் டியூப். பையும் கையுமாகத்தான் வீட்டுக்கு. அது எத்தனை மாசத்துக்கோ, யார் கண்டது.

செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கவைத்தாள். இளநீர் வேறு. அவரும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாகத்தான் இருக்கிறார். முகத்தைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம்.

மூத்திர வழியில் இருந்த அடைப்பைத்தான் அறுத்து எடுத்தாயிற்றே, பிறகென்ன கேடு என்று டாக்டரிடமே கேட்டுவிட்டாள். இளவயசு என்றால் அடைப்பு வந்தாலும் சிறுநீர்ப்பை தசையை முறுக்கிக்கொண்டு தள்ளிப் பழகிக்கொள்ளுமாம். வயசான பைக்கு அந்தத் தெம்பு கிடையாதாம். முக்கி முக்கித் தளர்ந்துபோயிற்றாம். இனி வழி திறந்திருந்தாலும் அது தள்ளினால்தான் உண்டு என்றார்.

சக்கரத்துக்கு அடியில் கிடந்த கல்லை எடுத்த பிறகும் நகராத கிழட்டு மாடு. மாட்டைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

அவளுடைய கவலை வேறு.

இரண்டு வருஷமாக அவர் ஹாலில் படுக்கிறார். ராத்திரி முழுக்க எழும்பி எழும்பி ஓடுகிறேன், உன் தூக்கம் கெடும் என்று ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான்.

கெட்டால் கெடட்டுமே. தூக்கத்தை யார் கேட்டது?

அறுபத்தெட்டு வயசில் புருஷன் குறட்டைக்கு ஏங்குகிறாள் என்றால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் ஏங்கத்தான் செய்தாள். குறட்டைக்கும், அந்த முதுகுச் சூட்டுக்கும், தூக்கத்தில் தன்மேல் வந்து விழும் கனத்த கைக்கும்.

காந்திமதித் தாயே, சொட்டுச் சொட்டாகவாவது வரட்டும்.

உள்ளே தண்ணீர் விழுந்தது.

அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகுதான் நிதானமாகக் கேட்டாள்.

ஒரே சீராக, ஒரே வேகத்தில், வாளிக்குள்.

கல்யாணமான புதிதில்கூட இவருக்கு இப்படிப் போனதில்லை.

குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன்! தான் இங்கே நிற்பது தெரிந்துதான், தன்னைச் சமாதானப்படுத்தத்தான் என்று புரிந்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நர்ஸ் எட்டிப்பார்த்தாள்.

"ஆச்சி, தாத்தாவுக்கு ஒண்ணுக்கு வந்துட்டா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். டியூபில்லாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம். அப்புறம் அடிவயிறு கல்லாக வீங்கி அவர் துடிக்கிற துடிப்பை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

"இல்லம்மா. வரல. டியூப எடுத்துட்டு வா."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"தோத்துட்டேன் பிரமு."

அவள் அவருடைய வேட்டியைச் சரியாகச் சுற்றிவிட்டாள். கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிவந்தாள். நர்ஸ் டியூபோடு வந்துகொண்டிருந்தாள்.

அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"டியூப் இருந்தா ராத்திரி எந்திரிக்க வேண்டாம்லா?"