பெருக்கல் குறி

“முதல்ல நர்ஸ் இங்க வந்து குடியேறட்டும். அப்புறம் சொட்டு மருந்தைப் பத்திப் பேசலாம்,” என்றார் ஜிங்குர் சஹ்னி. வலையில் சிக்கிய பாசியைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். நிமிரவில்லை.

கோசி ஆற்றின் நடுத்திட்டுக்குப் படகேறி வந்த டாக்டர் ஜாவுக்கு முழங்கால்வரை சேறு. எதிரே குடிசை வாசல் ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் பெருக்கல் குறி. இந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு தர விடவில்லை என்று அர்த்தம். திட்டு முழுக்க அதே குறிதான்.

“இலவசமா ஊத்தறோம் சஹ்னி. பிள்ளைங்க கால் விளங்காம போயிடக் கூடாதுன்னுதானே?”

“இலவசமாக் குடுக்கிறவன் ஏன் மாசாமாசம் வந்து கெஞ்சறான்? வெள்ளத்துல வீடு போச்சுன்னு நாங்க கெஞ்சினப்ப ஒரு நாய் எட்டிப் பார்க்கல.”

“உலகம் முழுக்க இந்த நோயை ஒழிச்சாகணும்யா. ஒரு ஊர் மிஞ்சினாலும் இதுவரைக்கும் கொட்டின பணமெல்லாம் தண்ணில போயிடும்.”

“ஆங், இப்பதான் உண்மை வெளிய வருது. எங்க பிள்ளை நொண்டினா உங்க கணக்கு கெட்டுடும். என் மூத்த மருமக பூலியா நடு ஆத்துல, பிரசவ வலியோட படகுப் பலகையிலயே செத்தாளே, அது எந்தக் கணக்குல வந்துது? மருந்துக்கு ஐஸ் பெட்டி வச்சிருக்கீங்க. அவளுக்கு ஒரு கட்டில் கிடைக்கல.”

சற்றுத் தள்ளி, சின்ன மருமகள் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இவளுக்கு அடுத்த மாசம்,” என்றார் ஜிங்குர். “இவளையும் அதே படகுலதான் ஏத்தணும்.”

டாக்டரின் ஆத்திரம் எங்காவது இறங்க வேண்டியிருந்தது. பெட்டியோடு நின்ற சுனைனாவின் மேல் இறங்கியது. வீடு வீடாகச் சொட்டு ஊற்றி வாசலில் குறி போடும் வேலை அவளுடையது.

“மூணு மாசமா வர்றே. ஒரு வீட்டையாவது வழிக்குக் கொண்டு வந்தியா? கொண்டுபோன மருந்து வெயில்ல கெட்டுப்போச்சுன்னு வெறும் பெட்டியோட வந்து நிக்கிறே. உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?”

சுனைனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்தாள்.

“அவளை ஏன் திட்டறீங்க? பாவம், தொண்டை வத்தக் கத்தினா. நாங்கதான் விளக்குமாத்தைக் காட்டினோம்.”

“நாளைக்கே ஒரு பிள்ளைக்குக் கால் போச்சுன்னா என்னய்யா பண்ணுவே?”

“தோள்ல தூக்கிட்டுப் போவேன். செத்தவளையும் அப்படித்தான் தூக்கிட்டு வந்தேன்.”

டாக்டர் விடுவிடுவென்று மேட்டில் ஏறினார். கைபேசியை உயர்த்தி உயர்த்திப் பிடித்து யாரிடமோ மன்றாடினார். “ஆமாம் சார், ஒரு வீடு விடாம மறுப்புதான்... வேற வழியே இல்ல சார்...”

திரும்பி வந்தபோது முகம் வேர்த்திருந்தது. “நாளைக் காலையில நர்ஸைக் கூட்டிட்டு வர்றேன். பிரசவச் சாமானோட அவ இங்கேயே தங்குவா. போதுமா?”

“வந்து இறங்கட்டும். நானே பிள்ளைங்களை வரிசையா நிறுத்தறேன்.”

நர்ஸுக்கு ஒரு குடிசை பார்த்து ஒழுங்குபண்ணச் சொல்லி, சுனைனாவை அங்கேயே விட்டுவிட்டு டாக்டர் படகேறினார்.

படகு நடு ஆற்றைத் தாண்டும்வரை ஜிங்குரும் சுனைனாவும் கரையில் நின்று பார்த்தார்கள்.

“நிஜமா வருவாளாம்மா? எனக்கு எவன் வாக்குலயும் நம்பிக்கை இல்ல.”

“வருவா பாபா. மேலிடத்துலயே உத்தரவு போட்டாச்சு.”

“டாக்டரைப் பார்த்தா பாவமாத்தான் இருந்துது. ஏம்மா, நாளைக்கு அவர் வேற ஊத்துவாரே. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதே?”

“ஒண்ணும் ஆகாது பாபா. மூணு மாசமா நான் ஊத்தினதோட இது இன்னொரு தடவை, அவ்வளவுதான்,” என்றாள் சுனைனா. “ஊத்தியாச்சுன்னு உள்ளபடி குறி போட்டிருந்தா, இந்தத் திட்டுக்கு யார் படகேறி வந்திருப்பா?”