குருவுக்கு முழு மேளம்

குரு பின்சாருக்கு முழு மேளம் கிடையாது என்று ஆகிவிட்டது.

காரணம், கடைசி மகள் லம்ரியா. வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை.

ஊர் வழக்கம் அப்படி. பெற்றதெல்லாம் கல்யாணமாகி, பேரன் பேத்தி பார்த்துவிட்டுச் செத்தவனுக்குத்தான் முழு மேளம், ஆட்டம், எருமைக்கறி. ஒன்று பாக்கி நின்றாலும் அரை மேளம்தான். குரு நாற்பது வருஷம் பாலிகே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஐந்து பெற்றார். நாலை முடித்தார்.

"எனக்கு அழுகை வேணாம். மேளம் கேட்டா உக்காராத மனுஷன் அவர். ஆடித்தான் அனுப்பணும்." அம்மா காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேளக்காரர்கள் வாசலில் கள் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மரத்தடியில் எருமை. அரை மேளம் போதும் என்று நினைத்தது அது மட்டும்தான்.

ஊர்ச் சபைத் தலைவர் ஜோங்கி தாளைப் பிரித்து குருவின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார்.

"நல்ல ஆசிரியர். நல்ல கணவர். நல்ல தகப்பன். வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. பொய் சொன்ன பிள்ளையை விட்டதும் இல்லை."

கூட்டத்தில் நாலைந்து வழுக்கைத் தலையர்கள் தங்களை அறியாமல் காதைத் தடவிக்கொண்டார்கள்.

ஜோங்கி தாளை மடித்தார். "மனுஷன் தங்கம். ஆனா வழக்கம்னா வழக்கம்தான்."

"ஒரே ஒரு பொண்ணுதானே, ஜோங்கி," என்றாள் அம்மா.

"ஒரே ஒரு சொட்டு மண்ணெண்ணெய்தான். சோத்துப் பானையில விட்டா?"

அத்தை லம்ரியா பக்கம் திரும்பினாள். "எத்தனை மாப்பிள்ளை கொண்டுவந்தேன்! ஒருத்தன் குள்ளம்னே. ஒருத்தன் ஓயாம பேசறான்னே."

"ரெண்டும் ஒரே ஆளு அத்தை."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, புதைக்கிறதுக்குள்ள முடிஞ்சாப் போதும். லாகுபோத்தி லாரிக்காரன் வெளியே உக்காந்திருக்கான். பெண்டாட்டி செத்து ஆறு மாசம். தலையை ஆட்டு, பாதிரியாரும் இங்கேதான் இருக்காரு. அரை மணி வேலை."

லம்ரியா ஜன்னல் வழியே பார்த்தாள். லாரிக்காரன் மூன்றாவது தட்டுப் பன்றிக்கறியில் இருந்தான். இவளைப் பார்த்து எலும்பை ஆட்டினான்.

அப்பாவைப் பார்த்தாள். கோட்டு, மேலே சால்வை. கல்யாணத்தைப் பற்றி ஒரு நாள் அவளைக் கேட்டதில்லை. கேட்டவர்களிடமும், "அவ கணக்கை அவ போடுவா. எட்டிப் பாக்காதீங்க," என்று சொல்லி விரட்டிவிடுவார்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அம்மாவின் கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. மேளம் இல்லாமலே.

அதற்கு மேல் லம்ரியாவால் முடியவில்லை.

"சரி. கூப்பிடுங்க அந்த ஆளை."

"நில்லுடி!"

சமையல்கட்டு வாசலில் காப்பிக் கெட்டிலோடு நின்றாள் ஜோங்கியின் மனைவி தியுர். சபையில் வாய் திறக்காதவள்.

"ஆம்பளைங்க பேசற இடம் இது," என்றார் ஜோங்கி.

"அதான் இவ்வளவு நேரம் ஆகுது. உங்கப்பா செத்தப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு. அது எதுக்கு இப்ப?"

"கல்யாணம் ஆயிருந்துச்சா?"

ஜோங்கி தொண்டையைச் செருமினார். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் முந்திக்கொண்டார். "ஆயிருந்துச்சே! சியாந்தர் சர்ச்சுல முடிஞ்சுபோச்சு, விருந்து மட்டும்தான் பாக்கின்னு குருவே சபையில எழுந்து சொன்னாரே. பொண்ணு நீதானேம்மா?"

"நான்தான். எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லலை."

எல்லோரும் ஜோங்கி பக்கம் திரும்பினார்கள்.

"மூணு நாள் மேளம் கொட்டி முடிஞ்சப்புறம் குரு என் தையல் வகுப்புக்கு வந்தாரு. 'தியுர், கோவிச்சுக்காதே. உனக்குப் போன வாரமே கல்யாணம் ஆயிடுச்சு'ன்னாரு. 'ஜோங்கியை வச்சு அவங்கப்பாவுக்கு மரியாதை குறையுதேன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு, நான் பொய்யன்னு சபையில ஒத்துக்கிறேன்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் லம்ரியா.

"ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஜோங்கி குறட்டை விடுவாரான்னு. சத்தமே வராதுன்னாரு." கெட்டிலைத் தரையில் வைத்தாள். "அது ரெண்டாவது பொய்."

முதலில் சிரித்தது அம்மா. பிறகு மொத்தக் கூடமும்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் தியுர் புருஷனிடம். "குருவுக்கு அரை மேளம்னா, உங்கப்பா கல்லறையில முழு மரியாதைன்னு செதுக்கி வச்சிருக்கீங்களே, அதைப் போய்ச் சுரண்டிட்டு வாங்க. உளி நான் தர்றேன்."

ஜோங்கி பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கெட்டிலையும் பார்த்தார். அப்புறம் மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா, வேடிக்கை பாக்கவா வந்தீங்க? முழுசாக் கொட்டுங்க!"

கொட்டினார்கள். அம்மா எழுந்து ஆடினாள். அத்தைகூட ஆடினாள். தலையை வாரிக்கொண்டு உள்ளே வந்த லாரிக்காரனை யாரும் கவனிக்கவில்லை. நாலாவது தட்டுக்குத் திரும்பிப் போனான். எருமைக்குத்தான் நேரம் சரியில்லை.

பெட்டியில் வைப்பதற்காக லம்ரியா அந்த வாழ்க்கைக் குறிப்பை எடுத்தாள். 'ஒரு பொய் சொன்னதில்லை' என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில், 'இரண்டு தடவை தவிர, இரண்டும் ஜோங்கிக்காக.'

திருத்தியவள் தியுர்.