முதலில் கேட்டவள்

“ஆறு வாரம் வேணும். தேதியைத் தள்ளி வைங்க.”

கெண்ட்ரா பாய்கின் இதைச் சொன்னதும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். கட்டுமானத் தலைவர் ஹோலிஸின் கை, பன்றி இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டியோடு வாயருகே அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே, ஜேம்ஸ் ஆற்றில், அவர்கள் கட்டிக்கொண்டிருந்த விமானந்தாங்கிக் கப்பல் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அடுத்த மாதம் அது கடலுக்குப் போக வேண்டும். முதல் போர் விமானம் அதன் மேல் வந்து இறங்க வேண்டும்.

“யாருக்கு ஆறு வாரம்?” என்றார் ஹோலிஸ், காது கேட்காதவர் போல.

“எனக்கு. குண்டு ஏத்துற லிஃப்ட்டுக்கு.”

பக்கத்தில் இருந்த அவளுடைய ஃபோர்மேன் ஏர்ல் அதிர்ந்துபோய் வாயைத் திறந்தார். கெண்ட்ரா மேசைக்கடியில் அவர் பூட்ஸை மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது.

அவளுடைய அப்பா இதே கப்பல் கட்டும் தளத்தில் ஆயுசெல்லாம் குழாய் பொருத்தியவர். மகள் பட்டம் வாங்கி, பிரிவுத் தலைவியாக வெள்ளை ஹெல்மெட் போட்ட அன்று அவர் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்: “எதை வேணா கேளு. தேதியைத் தள்ளச் சொல்லி முதல் ஆளா மட்டும் கேட்டுடாதே. அப்புறம் அந்த ஹெல்மெட் உன் தலையில இருக்காது.”

தளத்தில் இது ஒரு விளையாட்டு. எல்லோருக்கும் வேலை பாக்கி இருக்கும். ஆனால் கூட்டத்தில் எல்லோரும் “ரெடி” என்பார்கள். எவனாவது ஒருவன் தாங்க முடியாமல் முதலில் வாயைத் திறப்பான். தாமதம் முழுக்க அவன் தலையில் விழும். மற்றவர்கள் அவன் நிழலில் உட்கார்ந்து தங்கள் பாக்கியைச் சத்தமில்லாமல் முடித்துக்கொள்வார்கள்.

அன்றும் மின்பிரிவுத் தலைவர் மாரோ, “வயரிங் ரெடி” என்றிருந்தார். டாபின்ஸ், “கம்பிகள் ரெடி” என்றிருந்தார். இறங்குகிற விமானத்தின் கொக்கியைப் பிடித்து இழுத்து நிறுத்தும் கம்பிகள் அவர் பொறுப்பு. தூங்கி எத்தனை நாளோ, கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

“கண்ணு, கொஞ்சம் யோசிச்சுப் பேசு. கேப்டன் உட்கார்ந்திருக்கார்” என்றார் ஹோலிஸ்.

“கண்ணுன்னு கூப்பிடாதீங்க. கேப்டன் இருக்கறதாலதான் சொல்றேன்.”

“உங்கப்பா எவ்வளவு மரியாதையான மனுஷன். காலேஜுக்குப் போய் இதைத்தான் கத்துக்கிட்டியா?”

“எங்கப்பாவோட காது இந்தச் சத்தத்துல போச்சு சார். பதிலுக்கு நீங்க குடுத்தது அந்த மரியாதை மட்டும்தான்.”

யாரோ இருமினார்கள். டாபின்ஸ் மேசையைத் தட்டினார்.

“எங்க வயித்துல அடிக்கிறியேம்மா. நாங்க எல்லாம் ராப்பகலா உழைச்சு முடிச்சு வச்சிருக்கோம், உன் ஒருத்தியால கப்பல் நிக்கணுமா?”

“வெட்கக்கேடு” என்றார் மாரோ.

எல்லோரும் கேப்டன் ரென்ஷாவைப் பார்த்தார்கள். கப்பலை வாங்கிக்கொள்ளப் போகிற கடற்படைக்காரர் அவர்தான். காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“லிஃப்ட் இல்லாம கப்பலை வாங்கி நான் என்ன பண்றது? குண்டைத் தலையில வச்சா தூக்கிட்டுப் போறது? சரி, ஆறு வாரம். மேலே நான் சொல்லிக்கறேன்.” கொஞ்சம் நிறுத்தி, “எங்க பசங்களுக்கும் இன்னும் கொஞ்சம் பயிற்சி கிடைச்ச மாதிரி இருக்கும்” என்றார்.

அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருந்தது.

“நாள் கிடைக்குதுன்னா, வயரிங்கை இன்னொரு தடவை சரிபார்த்துடலாம்” என்றார் மாரோ. “சும்மாதான்.”

“நானும் கம்பிகளைத் திரும்ப முழுசா இழுத்துப் பார்த்துடறேன்” என்றார் டாபின்ஸ். அப்படிச் சொல்லும்போதே நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கியே விட்டாரோ என்றிருந்தது.

ஹோலிஸ் டையைத் தளர்த்தினார். பிஸ்கட்டை ஒரே வாயில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் அவருக்குக் கோபமாக இருக்க வேண்டுமென்று ஞாபகம் வந்தது.

“நாளையிலேருந்து லிஃப்ட் பிரிவுக்கு வேற ஆளு பார்த்துக்கறேன், பாய்கின்.”

“நாளை வரைக்கும் எதுக்கு?”

வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்ததுதான். இருந்தும், ஆற்றுக்காற்று வெறுந்தலையில் பட்டபோது இத்தனை சுகமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மூச்சு வாங்க ஓடி வந்து படிக்கட்டில் அவளைப் பிடித்தார் ஏர்ல்.

“பாஸ், உங்களுக்குப் பைத்தியமா? நம்ம லிஃப்ட்டுதான் போன வாரமே முழுப் பாரத்தோட ஏறி இறங்கிடுச்சே. அதைச் சொல்லத்தானே இன்னிக்கு வந்தோம். இந்தத் தளத்துலயே வேலை முடிஞ்ச ஒரே பிரிவு நம்மளுது.”

“அதனாலதான் ஏர்ல், நான் கேட்டேன்” என்றாள் கெண்ட்ரா, நிற்காமல் நடந்தபடி. “முடிக்காதவன் எவன் கேட்பான்?”