ஜப்பான் பெட்டிக்கு ஓர் அலறல்

மூன்றாவது அடி முதுகில் இறங்கியபோதும் சோணைமுத்து வாயைத் திறக்கவில்லை.

“கட்!” என்றார் பண்ணையார் அழகுசுந்தரம். சினிமாக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

வண்டிக்காரன் மலையாண்டி சாட்டையைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். நெல்லறையின் தூணில் கைகள் கட்டப்பட்டிருந்த சோணைமுத்துவின் இடுப்பு வேட்டியில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

முக்காலியின் மேல் டேப் ரெக்கார்டர் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்த ஜப்பான் சாமான். தந்த நிறம், வெள்ளி விளிம்பு, தூக்கிக்கொண்டு நடக்க வளைந்த கைப்பிடி. பள்ளத்தூரே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. வந்தவர்களிடமெல்லாம், “இது வெறும் பெட்டியில்ல, கலைஞனோட மூணாவது காது” என்று அழகுசுந்தரம் சொல்லியிருந்தார்.

அந்தக் காதில்தான் இன்னும் எதுவும் விழவில்லை. கண்ணாடிக்குள் சத்தத்தை அளக்கும் குட்டி ஊசி, சாட்டை விழும்போது லேசாக நடுங்கிப் படுத்துக்கொண்டது.

“அலறுடா! உழவன் அலறணும். காரைக்குடியே எந்திரிச்சு நின்னு அழுகணும்!”

நாடகத்தின் பெயர் ‘சாட்டை சிந்திய கண்ணீர்’. பண்ணையாள்களைக் கட்டிவைத்து அடிக்கும் கொடுமையைத் தோலுரிக்கும் புரட்சி நாடகம். நோட்டீஸில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. எழுத்து, இயக்கம், ஒலி அமைப்பு மூன்றுக்கும் அழகுசுந்தரத்தின் பெயர் போட்டிருந்தது. நாடகம் நாளை மறுநாள்.

சோணைமுத்துவுக்கும் கத்த ஆசைதான். கத்தினால்தான் மாடு கிடைக்கும்.

வரப்பில் வாய் வைத்ததென்று நாலு நாளாக அவனுடைய பசு அய்யா வீட்டுக் கொல்லையில் கட்டிக்கிடந்தது. மடி கல்லாகக் கனத்திருந்தது. வீட்டில் பத்து நாள் கன்று, பெண்டாட்டி ஒச்சம்மாள் விரலில் தொட்டு வைத்த கஞ்சியை நக்கத் தெரியாமல் படுத்திருந்தது. ஒழுங்காகக் கத்தினால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகலாம் என்று அய்யா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் சத்தம் வரவில்லை.

அந்த வீட்டில் அடிபடும்போது கத்தினால் கத்தினதற்குத் தனியாக ஒன்று விழும். அது அழகுசுந்தரத்தின் அப்பா வைத்த முறை. சோணைமுத்துவின் அப்பன் அதைப் படித்துக்கொண்டான். சோணைமுத்து எட்டு வயதில் படித்துக்கொண்டான். இப்போது நாற்பது வயதில் திடீரென்று கத்து என்றால் தொண்டைக்கு என்ன தெரியும்?

நாலாவது அடிக்குக் கடித்த கடியில் கடவாய்ப் பல் ஒன்று உடைந்தது. சத்தம் வரவில்லை.

“பாடம் பண்ணின தோல்மாதிரி இருக்கான்யா” என்று மலையாண்டி வியர்வையைத் துடைத்தான். “எங் கைதான் வலிக்குது.”

அழகுசுந்தரம் எழுந்தார். மலையாண்டியை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நடிப்புன்னா என்னன்னு இன்னைக்கு உனக்குக் காட்டுறேன்டா” என்று பெட்டியின் பொத்தானை அமுக்கினார்.

சற்று நேரத்தில் கொல்லையில் மலையாண்டி வாளியைக் கீழே போட்டான். புறாக்கள் ஓட்டுக்கூரையிலிருந்து கலைந்து பறந்தன. அப்படி ஓர் அலறல்.

ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நின்றது. சோணைமுத்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாட்டை மட்டும் அய்யா அவிழ்க்கவில்லை. “நாடகம் முடியட்டும். அதுவரைக்கும் யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டு, போதும்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

காரைக்குடியில் அந்த அலறல் கேட்டதும் கொட்டகையே எழுந்து நின்று அழுதது. முன்வரிசையில் பட்டு ஜிப்பாவோடு அழகுசுந்தரம் நாற்காலியில் முதுகு படாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். “பாத்தீகளா, சாஞ்சு உக்காராம நாடகத்துலயே ஒன்றிப்போயி இருக்காக” என்று பின்வரிசையில் மெச்சிக்கொண்டார்கள்.

தலைமை தாங்க வந்திருந்த ரிட்டயர்டு ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருஷம் கோர்ட்டில் கேட்காத உண்மையை அந்தக் குரலில் கேட்டதாக மைக்கில் சொன்னார். யாருடைய குரல் அது என்று கேட்டார்.

“எங்க பண்ணையாள்தான். சோணைமுத்து” என்றார் அழகுசுந்தரம்.

மேடையில் சோணைமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சரிகை காயத்தில் உரசியது. அவன் தலையை ஆட்டினான். ஜட்ஜ் அவன் தோளைத் தட்டினார். அவன் தலையை ஆட்டினான்.

அன்று விடியலில் கன்று செத்துப்போயிருந்தது. அய்யாவிடம் அதை யாரும் சொல்லவில்லை.

“எங்கே, அதே மாதிரி இன்னொரு தடவை கத்திக் காட்டப்பா” என்று ஜட்ஜ் மைக்கை அவன் வாய்க்கு நேரே நீட்டினார்.

அழகுசுந்தரம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினார். சோணைமுத்து அந்தக் கையைப் பார்த்தான். பிறகு மைக்கைப் பார்த்தான்.

“கத்துனது எங்க அய்யாங்க சாமி. போட்டவன்தான் நான். கட்ட அவுத்துச் சாட்டையக் கையில குடுத்து, கத்திக் காட்டுறேன், லேசா ஒண்ணு போடுடான்னுதான் சொன்னாக... அந்த வீட்டுல லேசாப் போட்டு நான் பாத்ததில்லீங்க.”