பக்கவாட்டில் திரும்பு

"எல்லாரையும் எடுங்க. வரவேற்பறையில இருக்கற அந்தப் பொண்ணை மட்டும் விட்டுடுங்க," என்றார் மேனேஜர். "ஆண்டு விழாப் படம். பார்க்கறவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க. வேலையை விடச் சொன்னாலும் கேட்க மாட்டேங்கறா."

போட்டோ எடுக்க வந்தவளுக்குச் சுருக்கென்றது. "ஜன்னல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால இருந்தா ஆள் வெறும் கறுப்பாதான் சார் விழும். அந்தப் பொண்ணையும் சேர்த்து எல்லாரையுமே அப்படி எடுத்துடவா? ஸ்டைலா இருக்கும்."

"ஒண்ணும் தெரியாதுல்ல?"

"கண்ணு, மூக்கு எதுவும் தெரியாது."

"அப்ப சரி." மேனேஜர் நிம்மதியாகப் போய்விட்டார்.

வரவேற்பறைப் பெண் ஜன்னல் முன் வந்தாள். "நேரா நிக்கட்டுமாக்கா?"

"நேரா நின்னா தூண் மாதிரி விழும். பக்கவாட்டுல திரும்பு. நல்லா நிமிர்ந்து நில்லு."

விழாவில், சுவரளவு படத்தின் திரையை மேனேஜரே விலக்கினார். அவரும் அப்போதுதான் பார்க்கிறார். வரிசையாகக் கறுப்பு உருவங்கள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. நடுவில் நின்றவளின் எட்டு மாத வயிறு மட்டும் கத்தரித்து ஒட்டியதுபோல் அத்தனை துல்லியம்.

"என்னம்மா இது?" என்று போட்டோ எடுத்தவளிடம் கேட்டார்.

முன்வரிசையிலிருந்து வரவேற்பறைப் பெண்ணே எழுந்தாள்.

"நம்ம கம்பெனி தைக்கறது கைக்குழந்தைச் சட்டைதானே சார்? இதைப் பார்த்து யாரு ஒரு மாதிரி நினைப்பாங்க?"